பற்கதிரைப் பயத்துக்கும் மருத்துவம் உண்டு

ஆசிரியருக்கு,

பல்லுப் பிடுங்கப் போகும் நாளில், அம்மாவின் கிளினிக் பையிலிருந்து நித்திரைக் குளிசை ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டு போகும் பழக்கம் எங்கள் பக்கத்தில் இருக்கிறது. சிலர் ஒன்றோடு நிற்பதில்லை. அரை மணித்தியாலமாகியும் நெஞ்சு இடிக்கிறது என்று இன்னொன்றையும் போட்டுவிடுவார்கள். கதிரையில் ஏறியபின்கூட வைத்தியரிடம் அதைச் சொல்வதில்லை. அந்தக் குளிசையில் உள்ள ஆபத்தையும், அதற்குப் பதிலாக முறைப்படி செய்யக்கூடியவற்றையும் உங்கள் பத்திரிகை ஊடாக விபரமாகச் சொல்ல விரும்புகிறோம். பல் வைத்தியத்தில் வேலை செய்பவர்கள் நாங்கள்.

"இந்த வயதிலும் ஊசிக்குப் பயமோ?" என்று வீட்டில் சிரிப்பார்கள். சிரிப்புக்கு அஞ்சி அந்த ஆள் வராமலே விட்டுவிடுவார். பல்லுக்கொதி வந்தால் பனடோல், அடங்கினால் மறதி, திரும்ப வந்தால் கராம்பு. இப்படியே ஒன்றிரண்டு வருடம் போனால் சொத்தை வேரடிவரை இறங்கிச் சீழ் பிடிக்கும். சீழ் தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் பரவி, நாக்கை மேலே தள்ளி, எச்சில் விழுங்க முடியாத நிலைக்குக் கொண்டுவந்தால் அது மூச்சுப்பாதையை அடைக்கக்கூடிய அவசர நிலை. அப்போது முழு மயக்கம் கொடுத்துத்தான் திறக்கவேண்டிவரும். அந்த நிலையில் மயக்கம் கொடுப்பதே மிகச் சிரமம். வெற்றிலை போடுபவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. இலங்கை ஆண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். கன்னத்தின் உட்புறத்தில் வரும் வெள்ளை, சிவப்புத் திட்டுகளைப் பற்கதிரையில் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். பயத்தால் கதிரைக்கே வராதவருக்கு அந்த ஒரு நிமிடம் கிடைப்பதில்லை.

பயத்தை அளக்க முடியும். உலகெங்கும் பல் வைத்தியர்கள் ஐந்து கேள்விகள் கேட்கிறார்கள். நாளைக்குப் பல் வைத்தியரிடம் போகவேண்டும் என்றால் எப்படி இருக்கும், வெளியே வாங்கில் காத்திருக்கும்போது எப்படி இருக்கும், பல்லைத் துளைக்கப்போகிறார்கள் என்றால், பல்லைச் சுரண்டித் துப்புரவாக்கப்போகிறார்கள் என்றால், மேல் கொடுப்புப் பல்லுக்கு மேலே முரசில் ஊசி போடப்போகிறார்கள் என்றால். பயமே இல்லை என்பதற்கு 1, தாங்கமுடியாத பயம் என்பதற்கு 5. கூட்டினால் 5 இலிருந்து 25 வரை வரும். 19 அல்லது அதற்கு மேல் என்றால் கடும் பயம். அவருக்கு ஆறுதல் வார்த்தை மட்டும் போதாது. எந்தக் கேள்விக்கு 5 போட்டார் என்பது கூட்டுத்தொகையை விட முக்கியம். ஊசிக்கு மட்டும் 5 போட்டவருக்கும், ஐந்துக்கும் 5 போட்டவருக்கும் வேண்டியது ஒன்றல்ல.

பயந்தவர்களிடம் ஆறுதலாக இருந்து கேட்டால் பலரிடமிருந்து ஒரே பதில் வரும்: "போனமுறை விறைக்கவே இல்லை, உயிரோடை பிடுங்கினவை." இது கற்பனையல்ல, காரணம் உண்டு. சீழ் கட்டிய இடத்தில் அமிலத்தன்மை கூடியிருக்கும். விறைப்பு மருந்து நரம்புக்குள் நுழைய மின்னேற்றம் இல்லாத வடிவில் இருக்கவேண்டும். அமிலத்தில் அதன் பெரும்பகுதி மின்னேற்றம் பெற்று வெளியிலேயே நின்றுவிடும். வீக்கத்துக்குள்ளேயே திரும்பத் திரும்ப ஊசி குத்துவதால் பயனில்லை. வீக்கத்துக்கு அப்பால், நரம்பு வரும் வழியில் போடவேண்டும். அல்லது சீழை வெளியேற்றிவிட்டு இன்னொரு நாள் பிடுங்கவேண்டும். கீழ்க் கொடுப்புப் பல்லுக்குப் போடும் ஊசியில் அவசரம் இன்னொரு எதிரி. அது நரம்பைப் பிடிக்க ஐந்து நிமிடமாவது வேண்டும், சிலருக்குப் பத்து. உதடு மரத்துவிட்டது என்பதை மட்டும் வைத்துப் பல்லுப் பிடுங்கும் குறட்டைக் கையில் எடுக்கக்கூடாது. பல்லைச் சுற்றி முரசில் கூர்முனையால் அழுத்திப் பார்த்து, "அமத்திற மாதிரி இருக்கு, நோகேல்லை" என்று அவர் சொன்ன பிறகுதான் தொடங்கவேண்டும்.

ஊசி போடும் முறையிலும் பயம் பாதி குறையும். முரசைப் பஞ்சால் துடைத்து உலர்த்தி, விறைப்பு ஜெல்லைத் தடவி இரண்டு நிமிடம் விடவேண்டும். எச்சிலுக்கு மேல் தடவினால் கழுவுப்பட்டு ஒன்றும் ஆகாது. மருந்துக் குப்பி குளிர்ந்திருக்கக்கூடாது. 1.8 அல்லது 2.2 மில்லிலீற்றர் கொண்ட ஒரு குப்பியைச் செலுத்த ஒன்றரை முதல் இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டால் திசு விரிவதால் வரும் கடுப்புத் தெரியாது. ஊசிக்குப் பிறகு நெஞ்சு படபடத்துக் கை நடுங்குவது மருந்தோடு கலந்த அதிரினலினால். சில நிமிடங்களில் அடங்கிவிடும். அதை வைத்து "அந்த ஊசி எனக்கு ஒத்துக்கொள்ளாது" என்று கிளினிக் கொப்பியில் எழுதுவித்துக்கொண்டு, பிறகு விறைப்பே இல்லாமல் அவதிப்படுபவர்கள் இருக்கிறார்கள். விறைப்பு மருந்தான லிக்னோகெயினுக்கு உண்மையான ஒவ்வாமை மிக மிக அரிது. கடைசியாக ஒரு உடன்பாடு: இடது கையை உயர்த்தினால் வைத்தியர் கையை எடுத்துவிடவேண்டும். சொன்னபடி ஒருமுறை நிறுத்திக் காட்டினால் பலருக்கு மயக்கமருந்தின் தேவையே போய்விடும்.

இவ்வளவும் செய்தும் முடியாதவர்களுக்குத்தான் மயக்கமருந்து. அதில் முழு மயக்கத்துக்கு முன் மூன்று படிகள் இருக்கின்றன: மூக்கால் இழுக்கும் வாயு, குளிசை, நாளத்தில் ஏற்றும் ஊசி. மூன்றிலும் ஆள் நித்திரை கொள்ளமாட்டார். அரைத்தூக்கம்போல இருந்தாலும் "கண்ணைத் திறவுங்கோ" என்றால் திறப்பார், "வாயை ஆவெண்டுங்கோ" என்றால் ஆவென்பார். கூப்பிட்டும் பதில் இல்லை என்றால் அந்த எல்லை தாண்டிவிட்டது. சிகிச்சையை நிறுத்தி மூச்சைப் பார்க்கவேண்டிய நேரம் அது. எந்தப் படியானாலும் விறைப்பூசி போடத்தான் வேண்டும். மயக்கமருந்து பயத்தைக் குறைக்கும். நோவை நிறுத்துவது விறைப்பூசி. ஊசி வேண்டாம் என்பதற்காக மயக்கம் கேட்பவர்களுக்கு இதை முதலிலேயே சொல்லிவிடவேண்டும்.

வாயு என்பது நைதரசு ஒட்சைட்டு, சிரிப்பூட்டும் வாயு. 1844 டிசெம்பரில் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரத்துப் பல் வைத்தியர் ஹொரேஸ் வெல்ஸ் அதை இழுத்துத் தன் பல்லையே பிடுங்குவித்துப் பார்த்தார். இன்றைய முறை அதை விட எவ்வளவோ மென்மையானது. மூக்குக்கு மேல் சிறு மூடி வைத்து முதலில் ஒட்சிசன் மட்டும் கொடுப்பார்கள். பிறகு வாயுவை 10 வீதத்தில் தொடங்கி, நிமிடத்துக்கு 5 அல்லது 10 வீதமாகக் கூட்டுவார்கள். பெரும்பாலானவர்களுக்கு 20 இலிருந்து 40 வீதத்துக்குள் விரல் நுனிகள் கூசும், உடம்பு இளஞ்சூடாகும், சத்தங்கள் தூரத்தில் கேட்கும். அந்த இடத்தில் நிறுத்தவேண்டும். வியர்த்தல், சத்தி வருமாப்போல் இருத்தல், வாய் தானாக மூடிக்கொள்ளுதல் எல்லாம் அளவு கூடிவிட்டதன் அடையாளங்கள். குறைத்தால் ஓரிரு நிமிடத்தில் சரியாகும். இதற்கென்று செய்த கருவி ஒட்சிசனை 30 வீதத்துக்குக் கீழே இறங்க விடாது. ஒட்சிசன் சிலிண்டர் தீர்ந்தால் வாயுவையும் தானே அடைத்துவிடும். அப்படிப்பட்ட காப்பு இல்லாத கருவியைத் தொடவே கூடாது. வேலை முடிந்ததும் மூடியைக் கழற்றிவிட அவசரப்படுவது தவறு. இரத்தத்தில் இருந்த வாயு ஒரே நேரத்தில் நுரையீரலுக்குள் வந்து ஒட்சிசனுக்கு இடமில்லாமல் செய்துவிடும். ஆகவே மூன்று முதல் ஐந்து நிமிடம் வெறும் ஒட்சிசன் கொடுக்கவேண்டும்.

தடிமன் பிடித்து மூக்கடைத்தவருக்கு வாயு வேலை செய்யாது, திகதியை மாற்றுவதுதான் வழி. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதம், கடுமையான நாட்பட்ட நுரையீரல் நோய், கண்ணுக்குள் வாயு வைத்து அண்மையில் செய்த விழித்திரைச் சத்திரசிகிச்சை, இவற்றில் எது இருந்தாலும் கொடுக்கக்கூடாது. இந்த வாயு உடலிலுள்ள பி12 விற்றமினைச் செயலிழக்கச் செய்யும் என்பதால் அக்குறைபாடு உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லவேண்டும். பால், முட்டை, மச்சம் ஒன்றும் சேர்க்காதவர்களுக்கும் சலரோகத்துக்கு மெட்போமின் பல வருடம் எடுப்பவர்களுக்கும் அது குறைந்திருக்கக்கூடும். வெளியேறும் வாயுவை உறிஞ்சி அகற்றும் குழாய் இருக்கவேண்டியது, நாள் முழுக்க அதே அறையில் நிற்கும் ஊழியர்களுக்காக.

இனி குளிசை. வீடுகளில் கிடப்பது பெரும்பாலும் டயசிபாம். அதில் முதல் சிக்கல், விழுங்கிய பிறகு கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. வயிற்றில் சாப்பாடு இருந்தால் பிடிக்க நேரம் எடுக்கும். வேலை செய்யவில்லை என்று நினைத்து இரண்டாவதைப் போட்டால் இரண்டும் சேர்ந்து, கதிரையில் படுத்து வாயில் தண்ணீர் விழும் நேரத்தில், உச்சத்துக்கு வரும். இரண்டாவது சிக்கல், அது உடம்பைவிட்டுப் போக நாட்கணக்காகும். மறுநாள் காலையில் தெளிவாக இருக்கிறேன் என்று மோட்டார் சைக்கிளை எடுப்பவரின் கை தாமதமாகத்தான் பிறேக்குக்குப் போகும். மூன்றாவது, கூட்டு மருந்துகள். நோவுக்கு எடுத்த ட்ரமடோல், தடிமனுக்கு எடுத்த பிரிட்டன் (Piriton) குளிசை, முதல்நாள் இரவு எடுத்த மதுபானம், எல்லாம் டயசிபாமோடு சேர்ந்து மூச்சை அமத்தும். உரத்துக் குறட்டை விட்டு இடையிடையே மூச்சு நிற்பவர்களுக்கும் முதியவர்களுக்கும் ஒரு குளிசையே கூடிவிடும். முதியவர்கள் சிலர் அடங்குவதற்குப் பதிலாகக் குழம்பி, எழும்பி நடக்க வெளிக்கிட்டு விழுவார்கள். பல் வைத்தியர் வயதையும் மற்ற வருத்தங்களையும் கேட்டு, முதல்நாள் இரவுக்கோ சிகிச்சைக்கு ஒரு மணித்தியாலம் முன்னதாகவோ ஒரு சிறு அளவு எழுதித் தந்தால் அது வேறு. அப்போதும் அதை எடுத்தபின் தனியே வரக்கூடாது.

நாளத்தில் ஏற்றுவது மிடசோலம். கடும் பயத்துக்கும், புதைந்த ஞானப்பல்லை எடுப்பதுபோன்ற நீண்ட வேலைக்கும் இதுதான் நம்பகமானது. பிழைத்தால் மோசமாகப் பிழைக்கக்கூடியதும் இதுதான். வளர்ந்த ஆரோக்கியமான ஒருவருக்கு 2 மில்லிகிராமை மெதுவாக ஏற்றி, இரண்டு நிமிடம் பொறுத்து, பிறகு 1 மில்லிகிராம் அளவுகளாக, ஒவ்வொன்றுக்குப் பின்னும் நின்று பார்த்துக் கூட்டவேண்டும். முதியவர்களுக்கு அரை அல்லது 1 மில்லிகிராமில் தொடக்கம். பேச்சு குளறி, இமை பாதி இறங்கினால் போதும். பெரும்பாலும் 5 மில்லிகிராமுக்குள் அந்த நிலை வந்துவிடும். இங்கே கவனிக்கவேண்டிய ஒன்று: மிடசோலம் குப்பி இரண்டு செறிவில் வருகிறது. ஒன்றில் 1 மில்லிலீற்றருக்கு 1 மில்லிகிராம், மற்றதில் 1 மில்லிலீற்றருக்கு 5 மில்லிகிராம். "இரண்டு மில்லி போடுங்கோ" என்று வாய்ச்சொல்லில் கேட்டு மற்றக் குப்பியை எடுத்துவிட்டால் 2 இற்குப் பதில் 10 மில்லிகிராம் ஏறிவிடும். பல் சிகிச்சை அறையில் செறிவு குறைந்த குப்பியைத் தவிர மற்றதை வைத்திருக்கவே கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. மாற்று மருந்தான புளுமசெனில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கவேண்டும். ஆனால் அதன் வேலை மிடசோலத்துக்கு முன்பே தீர்ந்துவிடுவதால், கொடுத்து எழுப்பிய ஆளை உடனே வீட்டுக்கு அனுப்பினால் வழியில் திரும்ப மயங்கிப்போவார்.

மிடசோலம் ஏறிய பிறகு நடந்தவை பலருக்கு நினைவில் நிற்பதில்லை. பயந்தவருக்கு அது வரம். அதே காரணத்தால், முடிந்தபின் அவரிடம் சொல்லும் "பஞ்சை அரை மணித்தியாலம் கடிச்சுக்கொண்டிருங்கோ, இண்டைக்கு வாய் கொப்புளிக்க வேண்டாம்" என்பதும் நிற்காது. கூட வந்தவரிடமும் சொல்லி, தமிழில் அச்சடித்தும் கொடுக்கவேண்டும். சம்மதக் கையெழுத்தை மருந்து ஏற்றுவதற்கு முன்னர், முடிந்தால் முதல் வருகையிலேயே, படிக்க நேரம் கொடுத்து வாங்கவேண்டும். 19ஆம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியர் டொக்டர் கிறீன் மேலைநாட்டு வைத்தியத்தைத் தமிழில் கற்பித்த ஊர் இது. ஒரு சம்மதப் படிவத்தை விளங்கும் தமிழில் தருவது எங்களுக்கு முடியாத காரியமல்ல. மருந்து ஏறியவரோடு வைத்தியர் மட்டும் தனியே அறையில் இருக்கக்கூடாது. பயிற்சி பெற்ற இரண்டாவது ஆள் முழுநேரமும் நிற்கவேண்டும். இது இருவருக்குமே பாதுகாப்பு.

முழு மயக்கம் இவற்றோடு சேர்ந்ததல்ல. அது மயக்கமருந்து நிபுணரின் வேலை, வைத்தியசாலைச் சத்திரசிகிச்சைக் கூடத்தில் மட்டும். "லண்டனிலை ஆளை நித்திரையாக்கித்தான் பல்லுப் பிடுங்கிறவை" என்று சொந்தக்காரர் சொல்வதைக் கேட்டு இங்கேயும் கிளினிக்கில் அதைச் செய்யச் சொல்கிறார்கள். பிரித்தானியாவிலேயே 2001 இறுதியோடு பல் கிளினிக்குகளில் முழு மயக்கம் நிறுத்தப்பட்டு, வைத்தியசாலைகளுக்கு மட்டும் என்றாகிவிட்டது.

பிள்ளைகள் விடயத்தில் தாய் தகப்பனிடம் ஒரு வேண்டுகோள். "குழப்படி செய்தால் டொக்டரிட்டைச் சொல்லி ஊசி போடுவிப்பன்" என்று வெருட்டாதீர்கள். அந்தப் பிள்ளை கதிரையில் ஏறும்போது ஊசியைத் தண்டனையாகத்தான் பார்க்கும். ஊசியும் துளைப்பும் இல்லாமலே பாற்பல் சொத்தைக்கு வழிகள் உண்டு: 38 வீத வெள்ளி டைஅமைன் புளோரைட்டுத் திரவத்தைத் தடவிச் சொத்தையை நிறுத்துவது (சொத்தை கறுத்துப்போகும், முன்பற்களில் அது தெரியும்), அல்லது சொத்தையைத் தோண்டாமல் உலோகத் தொப்பியால் மூடிவிடுவது. வாயு பிள்ளைகளுக்கு நன்றாக ஒத்துவரும். மிடசோலம் சில பிள்ளைகளை அடக்காமல் எதிர்மாறாக அழவும் அடிக்கவும் வைக்கும். ஆகவே அது வைத்தியசாலையில் மட்டும்.

சாப்பாடு பற்றிய குழப்பம் எங்கள் ஊரில் பெரிது. வெறும் விறைப்பூசி என்றால் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். வெள்ளிக்கிழமை விரதத்தோடும் கந்தசட்டி நாட்களிலும் வெறுவயிற்றோடு வந்து, ஊசியைக் கண்டதும் வியர்த்து வெளிறிச் சரிபவர்கள் பலர். அதைப் பயம் என்றும் ஒவ்வாமை என்றும் தவறாக எழுதிவிடுவதும் உண்டு. சலரோகக்காரர் இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வந்தால் அது ஆபத்து. வாயுவுக்கு முன் இரண்டு மணித்தியாலத்துக்கு முன்னதாக இலேசான சாப்பாடு போதும். நாளத்தில் ஏற்றுவதற்கு உங்கள் வைத்தியர் சொல்லும் நேரம். முழு மயக்கத்துக்குச் சாப்பாடு ஆறு மணித்தியாலத்துக்கும் தண்ணீர் இரண்டு மணித்தியாலத்துக்கும் முன் நிறுத்தவேண்டும். வெறும் தேத்தண்ணி தண்ணீரோடு சேர்த்தி. பால் தேத்தண்ணி சாப்பாட்டோடு சேர்த்தி. "ஒண்டும் சாப்பிடேல்லை, ஒரு பால் தேத்தண்ணி மட்டும்தான்" என்று சொல்லிக்கொண்டு வந்தால் சத்திரசிகிச்சை தள்ளிப்போகும். பிரஷர் குளிசையை ஒருவரும் சொல்லாமல் நிறுத்தவேண்டாம். ஒரு மிடறு தண்ணீரோடு எடுக்கலாம்.

வீட்டுக்குப் போகும் வழியில்தான் நாங்கள் அதிகம் பயப்படுவது. மிடசோலம் ஏறிய பெண்ணை மோட்டார் சைக்கிளில் ஒருபக்கமாக இருத்தி ஏற்றிக்கொண்டு போவதைத் தடுக்கவேண்டியிருக்கிறது. காரிலோ ஓட்டோவிலோ, பக்கத்தில் பிடித்துக்கொண்டு ஒருவர் இருக்க, போகவேண்டும். அன்றிரவு முழுவதும் வளர்ந்த ஒருவர் வீட்டில் கூட இருக்கவேண்டும். 24 மணித்தியாலத்துக்கு வாகனம், அடுப்பு, கிணற்றில் தண்ணீர் அள்ளுவது, உறுதியில் கையெழுத்து எதுவும் வேண்டாம். உதடு விறைத்திருக்கும்வரை சுடச்சுட எதையும் குடிக்கவும் வேண்டாம். எழுப்பியும் எழும்பாவிட்டால், மூச்சு இழுபட்டால், பொறுத்துப் பார்க்காமல் ஒருக்களித்துப் படுக்கவைத்து 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள்.

நாளத்தில் ஏற்றுவோம் என்று சொல்லும் எந்த இடத்திலும் நோயாளி கூச்சப்படாமல் கேட்கவேண்டியவை உண்டு. மருந்து ஏற்றுபவர் யார், அதற்கு என்ன பயிற்சி பெற்றவர்? வேலை நடக்கும்போது என் மூச்சைப் பார்த்துக்கொண்டிருப்பவர் யார்? விரலில் மாட்டும் ஒட்சிசன் மானி தொடர்ந்து ஓடுமா? நிறைந்த ஒட்சிசன் சிலிண்டரும், கையால் மூச்சுக் கொடுக்கும் பையும் முகமூடியும், புளுமசெனிலும் இதே அறையில் இருக்கின்றனவா? கரண்ட் போனால் வாயிலுள்ள தண்ணீரையும் இரத்தத்தையும் உறிஞ்ச வேறு வழி என்ன? நகப்பூச்சை அழித்துவிட்டு வரச் சொல்லாத இடம் ஒட்சிசன் மானியைப் பற்றி அதிகம் யோசித்திருக்காது. இதய நோய், கட்டுப்பாடில்லாத தொய்வு, குறட்டையோடு மூச்சு நிற்பது, வாய் இரண்டு விரலளவுக்கு மேல் திறக்காதது, இவற்றில் ஒன்று இருந்தாலும் கிளினிக் வேண்டாம், வைத்தியசாலைதான்.

சுகாதார அதிகாரிகளிடம் நாங்கள் கேட்பது இரண்டு. யாழ் போதனா வைத்தியசாலையிலும் ஆதார வைத்தியசாலைகளிலும் பல் சிகிச்சைக்கு இவற்றுள் எவை, எந்த நாட்களில், எவரின் கடிதத்தோடு கிடைக்கும் என்பதைத் தமிழில் எழுதி வெளிநோயாளர் பிரிவுப் பலகையில் ஒட்டுங்கள். தனியார் கிளினிக்குகளைப் பதிவு செய்யும்போதும் புதுப்பிக்கும்போதும், மயக்கமருந்து கொடுக்கிறீர்களா என்று கேட்டு, கொடுப்பவர்களின் ஒட்சிசன் சிலிண்டரைத் திறந்து பாருங்கள்.

இப்படிக்கு,
பல் வைத்தியர்கள் சிலர்,
யாழ்ப்பாணம்.